மூளை என்னும் இயந்திரமும் ஆயர் ஸ்டெனோவும்

கண் காண்கிறது, கை நீள்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நரம்புகளில் நிகழ்வதை அறிஞர்கள் இன்று சமன்பாடுகளாக எழுதி, கணிப்பொறியில் இயக்கிப் பார்க்கின்றனர். மனிதனை இயந்திரமாக்கும் இம்முயற்சியில் ஆன்மாவுக்கு இடமுண்டோ என்று நம்மில் சிலர் அஞ்சுவதுண்டு. ஆனால், வரலாற்றைப் புரட்டினால் அம்முயற்சியின் தொடக்கக் காலத்திலேயே, பின்னாளில் ஆயரான ஒருவரைக் காண்கிறோம்.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட், மனித உடலை அரச தோட்டங்களில் நீரின் விசையால் அசைந்த பொம்மைகளுக்கு ஒப்பிட்டார். நரம்புகள் குழாய்கள் என்றும், அவற்றினூடே பாயும் நுண்ணிய ஆவி தசைகளைப் புடைக்கச் செய்கிறது என்றும் கூறினார். மூளையின் நடுவேயுள்ள கூம்புச் சுரப்பி சாய்ந்து சாய்ந்து அவ்வோட்டத்தைத் திருப்புகிறது. ஆன்மா உடலோடு உறவாடும் இடமும் அதுவே என்றார். அவர் 1650இல் மறைந்தார். நூல் 1662இல் இலத்தீனிலும், 1664இல் பிரெஞ்சிலும் வெளிவந்தது.

கோபன்ஹேகனில் 1638இல் லூத்தரன் குடும்பத்தில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ, 1665இல் பாரிஸ் நகரில் அறிஞர் குழுவொன்றின்முன் மூளையைப் பற்றி உரையாற்றினார். மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்பதே அவருடைய முதற்கூற்று. மூளையும் ஓர் இயந்திரமே என்பதை அவர் மறுக்கவில்லை. இயந்திரத்தை அறிய இரண்டே வழிகள் உண்டு: செய்தவரே சொல்ல வேண்டும், அல்லது உறுப்பு உறுப்பாகக் கழற்றி ஆராய வேண்டும். அவ்வாறு அறுத்தாய்ந்தபோது, கூம்புச் சுரப்பி சுற்றியுள்ள பகுதிகளோடு பிணைந்திருப்பதையும், டெகார்ட் சொன்னவாறு அது சாய இயலாது என்பதையும் கண்டார். டெகார்ட் விளக்கியது கற்பனையில் அமைத்த ஓர் இயந்திரத்தையே. அதனை உண்மை மனிதனாகக் கொண்டவர்களே பிழை செய்தனர் என்பது அவர் தீர்ப்பு. மாதிரி வேறு, மனிதன் வேறு என்னும் தெளிவு அதில் அடங்கியுள்ளது.

குறை காண்பதோடு அவர் நிற்கவில்லை. 1667இல் தசையின் இழைகளைச் சாய்ந்த இணைகரங்களாக வரைந்தார். தசை புடைப்பதற்குப் புதுப்பொருள் எதுவும் உட்புகத் தேவையில்லை என்று வடிவியலால் காட்டினார். நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட அவ்வடிவம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணிப்பொறித் தசை மாதிரிகளில் மீண்டும் இடம்பெற்றது.

நரம்பினுள் ஓடுவது ஆவியன்று, மின்னலை என்பது பின்னரே விளங்கிற்று. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெரிய நரம்பிழையை ஆராய்ந்து, அவ்வலைக்குச் சமன்பாடுகள் அமைத்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி அப்போது கிடைக்காமையால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் பொறியைக் கொண்டு வாரக்கணக்கில் கணக்கிட்டார். அலையின் வேகம் கணக்கில் விநாடிக்கு 18.8 மீட்டர், உயிருள்ள நரம்பில் 21.2 மீட்டர். இரண்டையும் அருகருகே அச்சிட்டனர். அந்த இடைவெளியை மறைக்காமையே அறிவியலின் நேர்மை. 1963இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஸ்டெனோவோ, தசை நூல் வெளியான அதே 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார், 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். ஏழ்மையில் வாழ்ந்து 1686இல் மறைந்த அவரைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1988இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

ஆன்மாவைக் காக்கும் பொருட்டு அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கத்திக்கு எட்டியதே மனிதன் முழுவதும் என்று கருதவுமில்லை. கணிப்பொறி மாதிரிகள் நாளும் பெருகும் இக்காலத்தில் அவற்றை அஞ்சவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. அறியாததை அறியேன் என்று சொல்லி ஆய்வைத் தொடங்கும் அப்பணிவை நாம் கற்றுக்கொண்டால் போதும்.