ஜெரிமாண்டர்

ஆளும் கட்சி தனக்கு வாகாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வரைவது. பெயராகவும் வினையாகவும் வழங்கும்.

1812 பிப்ரவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி, மாநில செனட் தொகுதிகளைத் தம் கட்சிக்குத் தோதாகப் பிரிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். எசெக்ஸ் பகுதியில் ஒரு தொகுதி கோணல்மாணலாக நீண்டு கிடந்தது. மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெசட்' அந்த வரைபடத்துக்குச் சிறகும் நகமும் பல்லும் வைத்துக் கேலிப்படம் போட்டது. பல்லி போன்ற 'சலமாண்டர்' என்ற உயிரியின் வாலை ஆளுநர் பெயரோடு ஒட்டியதுதான் இச்சொல்.

கெரிக்கே அந்தச் சட்டம் பிடிக்கவில்லை என்பார்கள். ஒப்பமிட்ட கை அவருடையதுதானே! 1776 சுதந்திரப் பிரகடனத்திலும் ஒப்பமிட்டவர் அவர். 1812 தேர்தலில் ஆளுநர் பதவி போனது. செனட் அவர் கட்சியிடமே தங்கியது. மறு ஆண்டு நாட்டின் துணை அதிபரானார்.

அவர் பெயரின் 'கெ' இச்சொல்லில் 'ஜெ' ஆகிவிட்டது.