மிளை

மிளை என்பது கோட்டையைச் சுற்றி அரணாக வளர்த்துக் காக்கப்பட்ட காடு. காவற்காடு என்றும் இதனைச் சொல்வர். தானாக வளர்ந்த காட்டிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது காவல்தான். இங்கே மரம் வெட்டவோ வழி திறக்கவோ ஊராருக்கு உரிமை இல்லை. சங்க நூல்களில் 'கடி' என்ற அடைமொழி மிளையோடு சேர்ந்து வரும். கடி என்றால் காவல்.

மிளையோடு ஒலியிலும் பொருளிலும் நெருங்கிய சொல் இளை. அகராதிகள் இதற்கும் காவற்காடு என்று பொருள் தருகின்றன. ஆனால் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வேறுபடுத்துகிறது. கோவலன் மதுரைக்குள் நுழையும் இடம் அது. மிளையைச் சூழ்ந்து இளை நிற்கிறது. உரைகாரர் இதனைக் கட்டுவேலி என்பர். மிளையை அடுத்து அகழி. அகழிக்குக் கீழே யானைகள் வரிசையாகப் போகும் அளவுக்குப் பெரிய சுருங்கை, அதாவது நிலத்தடி வழி. அடைக்கலக் காதையில் வரும் மதுரைக் காப்புப் பட்டியலும் மிளையில் தொடங்கி, அகழியைச் சொல்லி, பிறகே மதிற்பொறிகளுக்கு வருகிறது. வெளியிலிருந்து வரும் பகைவன் சந்திக்கும் வரிசையும் இதுவே.

மதிலின் உயரமும் வாயிலின் இடமும் மிளையின் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். அணிவகுத்து வரும் படை முள்ளுக்குள் புகுந்ததும் சிதறும். தேர் ஓடாது. உள்ளிருப்பவர்க்கோ ஒற்றையடிப் பாதை ஒவ்வொன்றும் தெரியும்.

திருக்குறளின் 'அரண்' அதிகாரம் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் சேர்த்து அரண் என்கிறது. அர்த்தசாஸ்திரமும் வனதுர்க்கத்தை நால்வகை அரண்களுள் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் அங்கே அது காட்டுக்குள் அமைந்த கோட்டை. மிளை அப்படியல்ல, கோட்டைக்காக வைத்த காடு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பொருந்தாது.

கடிமரத்தோடும் மிளையைக் குழப்புவதுண்டு. கடிமரம் அரசனின் சின்னமாகிய காவல்மரம். அதை வெட்டி வீழ்த்துவது வென்றவன் செய்யும் அவமதிப்பு. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்த செய்தி பதிற்றுப்பத்தில் உண்டு. மிளையை வெட்டுவதில் இத்தகைய பெருமிதம் எதுவும் இல்லை. வழி திறக்கும் வேலை மட்டுமே.

மிளைகிழான் நல்வேட்டனார், மிளைப்பெருங்கந்தன் என்ற சங்கப் புலவர் பெயர்களில் உள்ள மிளையை ஊர்ப்பெயராகக் கொள்வர்.

சொல் வழக்கிழந்த பிறகும் முறை நீடித்தது. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியைச் சுற்றி அடர்ந்த முள்வேலி அரண் ஒன்று இருந்தது; 1760-இல் நகரை முற்றுகையிட்ட ஆங்கிலேயர் முதலில் அதையே கைப்பற்ற வேண்டியிருந்தது. 1801-இல் மருது சகோதரர்களின் காளையார்கோவிலை நோக்கிச் சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வழியமைக்கத் தொடங்கிய ஆங்கிலேயப் படை, ஒரு மாத உழைப்புக்குப் பின் அதைக் கைவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் காளையார்கோவில் விழுந்தது வேறு வழியாகப் போன தாக்குதலில்.