நந்தவனமும் ஆதுலர்சாலையும்

பாலாற்றின் வடகரையிலுள்ள செவிலிமேட்டினின்றும் ஆற்றின் வழியே கீழ்நோக்கிச் செல்வார், வேகவதியும் செய்யாறும் வந்து கலக்கும் திருமுக்கூடலை அடைவர். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற்சுவரில் வீரராசேந்திர சோழன் (கி.பி. 1063–1070) காலத்து நெடிய கல்வெட்டொன்று உளது. வைணவ ஆலயத்துச் சாசனமாயினும் சைவ நன்மக்களும் அறிதற்குரியது அது.

‘வீரசோழன்’ என்னும் பெயரால் ஆதுலர்சாலை ஒன்று அங்கு நடைபெற்றது. நோயாளர்க்குக் கட்டில்கள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், பணிவிடை புரியும் பெண்டிர் இருவர் எனப் பலர்க்கும் படி அளக்கப்பட்டது. சேமித்து வைத்தற்குரிய மருந்துகளின் பெயரும் அளவுங்கூடப் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சாசனத்திலேயே தண்ணீர்க்கு மணமூட்ட ஏலமும் இலாமிச்ச வேரும் இடுதற்கும் நிவந்தம் காண்கிறோம். தாகம் தணிக்க வெறுநீர் போதாதோ? மணமும் ஒரு தேவையென அக்காலத்தார் கருதினர் போலும்.

இக்கால அறிவியலும் இதனைப் புறக்கணிக்கவில்லை. மூக்கின் நரம்பு, மூளையில் நினைவும் உணர்ச்சியும் தங்கும் பகுதிகளோடு மிக நெருங்கிய தொடர்புடையது. நறுமணம் மனக்கலக்கத்தை ஓரளவு தணிக்கின்றது எனச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அது மருந்துக்கு ஈடாகாது, துணையாகும், அவ்வளவே.

ஈண்டு ஓர் ஐயம் எழும். திருவாரூர்ப் பூமண்டபத்தருகே வீழ்ந்து கிடந்த மலரை முகர்ந்தமைக்காகப் பல்லவ மன்னர் கழற்சிங்கரின் பட்டத்தரசியினது மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்தார்; கரத்தை மன்னரே துணித்தார். அங்ஙனமாயின் கோயிற்பூவின் மணம் அடியார்க்கு விலக்கன்றோ எனின், அன்று. இறைவற்குரிய மலரை எடுத்து முகர்தலே பிழை. காற்று தானே கொணரும் மணத்தை யார் தடுப்பார்?

நாள் முழுதும் குழித்தறியில் காலூன்றி, பட்டிழையில் கண்பதித்து அயர்ந்த நெசவாளர் அந்திப்பொழுதில் கோயிலுக்கு வருங்கால், மல்லிகை அரும்பு அவிழும் நேரமும் அதுவே. கடையிற் கட்டிவாங்கும் மாலை சந்நிதியோடு நின்றுவிடும். நந்தவனமோ திருச்சுற்று முழுதும் கமழும். பல ஊர்களில் அந்நிலங்கள் மறைந்தொழிந்தன.

ஆதலின், திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் விமானத்திற்கும் மதிலுக்கும் அளிப்பதில் ஒரு சிறு கூற்றை நந்தவனத்திற்கும் ஒதுக்குவாராக. இரவில் மலர்ந்து வைகறையில் உதிரும் பவழமல்லி, உலர்ந்தும் மணம் மாறாத மகிழ், தவனம், மரு ஆகியன வைக்கலாம். திருமஞ்சன நீர் வழிந்தோடும் வாய்க்காற்கரையில் வெட்டிவேர் நடுக.