காலனி: ஒரு சொல் குடியிருக்கும் இடங்கள்

அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் பக்கம் வரும் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் முன் கண்டக்டர் கேட்பார்: "ஊரா, காலனியா?" இரண்டுக்கும் ஒரே காசுதான். நடுவில் ஓர் ஏரிக்கரை, கொஞ்சம் கருவேலம். "காலனி" என்று சொல்லும்போது என் குரல் தானாகத் தாழும், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதே பஸ்ஸில் சிமெண்ட் ஆலை ஊழியர்களின் பிள்ளைகளும் வருவார்கள். "அண்ணே, காலனில நிறுத்துங்க" என்று பின்சீட்டிலிருந்தே கத்துவார்கள். அவர்கள் சொன்னதும் காலனி, நான் சொன்னதும் காலனி. அவர்கள் காலனிக்கு கேட் உண்டு, வாட்ச்மேன் உண்டு, பந்து விளையாட மைதானம் உண்டு. பெரம்பலூருக்கு வேலைக்குப் போனபின் பார்த்தேன், நகரத்தில் அலுவலர்கள் வீடு கட்டிக் குடியேறும் புதுமனைகளுக்கும் காலனி என்றுதான் பெயர்ப்பலகை. அங்கே அது அந்தஸ்து.

ஒரே சொல் ஓரிடத்தில் கௌரவமாகவும் இன்னோரிடத்தில் வசவாகவும் எப்படி ஆகிறது? அவர்கள் காலனிக்கு முன்னால் எப்போதும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும்: ஆலையின் பெயர், வங்கியின் பெயர், தலைவர் பெயர். எங்கள் காலனிக்கு முன்னாலும் ஒன்று இருந்தது. அரசாங்கக் காகிதங்களில் அது 'அரிசனக் காலனி'. 1980களில் 'அரிசன்' என்ற சொல்லைக் கைவிடும்படி அரசே சொன்னது. முன்னொட்டு கழன்று விழுந்தது. அது சுமந்த பாரம் கழலவில்லை. மொத்தமும் 'காலனி' தலையில் இறங்கியது. அதற்கு முன் இந்த வேலையைச் செய்த சொல் 'சேரி'. சங்கப் பாடல்களில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். அதை இழிசொல்லாக ஆக்கியவர்கள் சேரியில் இருந்தவர்கள் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் முகவரி 'காலணி' என்றிருந்தது. மூன்று சுழி. எழுதியவருக்கு அது எழுத்துப் பிழை. ஊர்த் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் என் தாத்தா. அம்மா எதையும் விளக்காமல், "அட்ரஸ்ல அதெல்லாம் எழுதாதடா, வடக்குத் தெருன்னு போடு" என்பார்.

இலத்தீனில் 'கொலோனுஸ்' என்றால் உழவன். உழுது பயிரிடுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ரோமப் பேரரசு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடம் கொலோனியா. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயரே அதுதான். அந்த நிலம் பெரும்பாலும் இன்னொருவரிடமிருந்து பிடுங்கியது என்பதும் சொல்லின் கதையில் அடக்கம். உயிரியல்காரர்கள் ஒட்டி வாழும் சிற்றுயிர்க் கூட்டத்தைக் காலனி என்கிறார்கள். பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த கல்லக்குடிப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லில் அப்படிப்பட்ட பவளக் காலனிகள் உறைந்து கிடக்கின்றன. அந்தக் கல்தான் சிமெண்டாகிறது. எங்கள் தொகுப்பு வீட்டுக்கும் கொஞ்சம் வந்திருக்கும்; ஒழுகிய லட்சணத்தைப் பார்த்தால் ரொம்ப இல்லை.

உழவன் என்ற வேரை மறக்க வேண்டாம். இங்கே காலனியில் இருப்பவர்கள் உழவர்கள்தான், ஆனால் நிலம் இல்லாதவர்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க முன்வந்தது. அந்தப் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது ஊரறிந்த சங்கதி. பிறகு அரசு கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் மனை. 1978இல் அரிசன நலத்திட்டங்களுக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டமே வந்தது. அதில் கிடைத்தது ஆளுக்கு இரண்டு மூன்று சென்ட். படுக்கலாம், உழ முடியாது.

அம்பேத்கர் கேட்டது இதையல்ல. 1942 நாகபுரி மாநாட்டிலும், 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கென எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையிலும் அவர் தனிக் கிராமங்கள் கேட்டார். அரசின் தரிசு நிலத்தோடு, குடியேற்ற ஆணையத்தோடு, சாதி இந்துக்களின் தயவுக்கு வெளியே. தனிமையும் நிலமும் சேர்ந்த கோரிக்கை அது. நமக்கு நிலத்தைக் கழித்துத் தனிமையை மட்டும் கொடுத்தார்கள். அதற்குக் காலனி என்று பேர் வைத்தார்கள்.

நம் சிறுபத்திரிகைகளில் இந்தச் சொல் வேறு வேஷத்தில் வரும்: காலனியம், பின்காலனியம், காலனிய நீக்கம். நானும் எழுதியிருக்கிறேன். வெள்ளைக்காரனிடம் எல்லாருமே காலனியாக இருந்தோம் என்கிற அந்தச் 'எல்லாரும்' பஸ்ஸில் ஏறினால் என்ன பதில் சொல்லும் என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. 1947க்குப் பிறகு எந்த ஊரும் தன் காலனிக்கு விடுதலை கொடுக்கவில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், காலனி என்ற சொல் தீண்டாமையின் குறியாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். "பேர மாத்தினா எல்லாம் சரியாயிடுமா?" என்று கேலி செய்த தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெயர் அற்பம் என்றால் 1953 ஜூலையில் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்துக் கருணாநிதி ஏன் தண்டவாளத்தில் படுத்தார்? அந்தப் பெயருக்காகத் தமிழகம் கொதித்தது சரியென்றால், சாதிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் எங்கள் முதுகில் குத்திய பெயர் போவதும் சரிதான். என் கேள்வி வேறு. பலகையை மாற்றுகிறவர்கள் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் வருவார்களா? சுடுகாட்டுப் பாதையும், கோயில் தேர் திரும்பும் முனையும் அந்த அறிவிப்பில் அடங்குமா?

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கண்டக்டர் இளைஞர், மரியாதையான பிள்ளை. என் நரைத்த தலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"ஊருங்களா சார், இல்ல அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.