மாமல்லபுரம் சந்திப்பின் தஞ்சைப் பரிசுகள்

2019 அக்டோபர் 11 அன்று மாமல்லபுரத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்குப் பிரதமர் நரேந்திர மோடி அளித்த நாச்சியார்கோவில் அன்ன விளக்கும், தஞ்சாவூர் ஓவியமும் இங்கே இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. இரண்டுமே காவிரிப் படுகையின் கைவினைகள். புவிசார் குறியீடு பெற்றவை.

பின்னணி

இரு தலைவர்களின் முதல் முறைசாராச் சந்திப்பு 2018 ஏப்ரலில் சீனாவின் ஊகான் நகரில் நடந்தது. இரண்டாவது சந்திப்புக்குப் பல்லவர்களின் துறைமுக நகரமான மாமல்லபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1956இல் சீனப் பிரதமர் சூ என்லாய் வந்து பார்த்த ஊர் அது. அர்ச்சுனன் தபசு, ஐந்து இரதங்கள், கடற்கரைக் கோயில் ஆகியவற்றைச் சுற்றிப் பார்த்த அன்று மாலை பரிசுகள் வழங்கப்பட்டன. மறுநாள் கோவை மாவட்டம் சிறுமுகை நெசவாளர்கள் ஷியின் உருவம் பொறித்து நெய்த பட்டும் அளிக்கப்பட்டது.

விளக்கு

தங்க முலாம் பூசிய இப்பித்தளைக் கிளை விளக்கு 6 அடி உயரமும் 108 கிலோ எடையும் கொண்டது. எட்டுக் கைவினைஞர்கள் 12 நாளில் செய்து முடித்தனர். கும்பகோணத்துக்குத் தென்கிழக்கே உள்ள நாச்சியார்கோவிலில் பத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழில் செய்து வருகின்றன. காவிரிக்கரையின் நுண்ணிய வண்டல்தான் இத்தொழிலின் ஆதாரம். அச்சின் வடிவம் சிதையாமல் பதிய அந்த மண் இடம் கொடுக்கிறது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அமரும் அன்னம் ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்துக் கடைசல் பிடித்து, சித்திர வேலை செய்து, திருகிப் பொருத்துவார்கள்.

ஓவியம்

நடனமாடும் சரஸ்வதியைக் காட்டும் ஓவியம் உருவாக 45 நாள் ஆனது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த மக்கினால் நகை, திருவாசி முதலியவற்றைப் புடைப்பாக எழுப்பி, கற்கள் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவது தஞ்சை மரபு. மராத்திய மன்னர்கள், குறிப்பாக இரண்டாம் சரபோஜி (1798–1832), இக்கலையை வளர்த்தனர்.

சோழர் காலத் தூதுகள்

தஞ்சைக்கும் சீன அரசவைக்கும் இடையே பரிசுகள் சென்ற வரலாறு ஆயிரம் ஆண்டு பழையது. முதலாம் இராசராசன் அனுப்பிய தூதுக்குழு, அவன் மறைந்த பின் 1015இல் சோங் அரசவையை அடைந்து, முத்துகள், யானைத் தந்தங்கள், நறுமணப் பொருள்களைக் காணிக்கையாக வைத்தது. 1033இல் முதலாம் இராசேந்திரனின் தூதும், 1077இல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் கொண்ட குழுவும் சென்றன. கடைசிக் குழுவுக்கு 81,800 சரம் செப்புக் காசுகள் பதில் மதிப்பாகக் கிடைத்தன. காணிக்கை என்ற பெயரில் அரசுகளே நடத்திய வணிகம் அது.

சீனாவின் பூச்சியன் மாகாணத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் அமைத்திருந்தனர். ஷி ஜின்பிங் 17 ஆண்டுகள் பணியாற்றியது இதே மாகாணத்தில்தான். தமிழ்நாட்டையும் பூச்சியனையும் உறவு மாநிலங்களாக்கவும், மாமல்லபுரத்துக்கும் பூச்சியனுக்கும் இருந்த பழந்தொடர்பை ஆராயவும் சந்திப்பில் முடிவு செய்யப்பட்டது.

முக்கியத்துவம்

பரிசு இந்திய-சீன எல்லைச் சிக்கலைத் தீர்க்கவில்லை. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். இரு நாட்டு உறவு பல ஆண்டுகள் உறைந்தது. ஆகவே இப்பரிசுகளின் மதிப்பை அரசியல் பயனை வைத்து அளவிட முடியாது. சோழர் தூதில் சென்ற முத்து பாண்டிய நாட்டுக் கடலில் விளைந்தது. நறுமணப் பொருள்களில் பல கடல் கடந்த நாடுகளிலிருந்து வந்தவை. சோழ அரசு அவற்றைத் திரட்டி அனுப்பியது. 2019இலோ படுகையின் மண்ணும் அம்மண்ணில் வாழும் கைவினைஞர்களின் உழைப்புமே நாட்டின் சார்பில் சென்றன. நெற்களஞ்சியம் என்று அறியப்பட்ட நிலத்தின் கைத்தொழிலுக்கு அரசுமுறை உறவில் கிடைத்த இந்த இடம், அத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு உரிய கூலியும் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சியும் உறுதிப்படும்போதுதான் முழுமை பெறும்.