தரையும் நிரையும்: மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில் உடல் அளக்கப்பட்ட வரலாறு

ஓர் உடல் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை உட்காருதல், எழுதல், நடத்தல் போன்ற எளிய அசைவுகளைக் கொண்டு கணிக்கும் முறை மருத்துவத்தில் வேரூன்றியது அண்மைக் காலத்தில்தான் எனினும், ஓர் உடல் எவ்வளவு வேலை தாங்கும் என்று பார்த்தும் தொட்டும் மதிப்பிடும் வழக்கம் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களோடு சேர்ந்தே வளர்ந்தது. அந்த வரலாறு மலாக்காவில் தொடங்குகிறது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால், மலாக்காச் சீன வணிகர் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்ட மரங்களே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாகக் கொள்ளப்படுகின்றன. புக்கிட் அசகானின் பெருந்தோட்டமும் அவர் முயற்சியில் உருவானதே. ரப்பர் விலை ஏறிய அடுத்த ஆண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் மரவள்ளி நிலங்களும் காடுகளும் ரப்பர் நிரைகளாக மாற, அவற்றில் பால்வெட்டத் தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தனர்.

அவர்களைத் திரட்டி வந்தவர் கங்காணி, அதாவது தோட்டத்தின் சார்பில் உரிமத்தோடு தம் ஊருக்குத் திரும்பி, உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வந்த பழந்தொழிலாளி. திரட்டப்பட்டோர் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இயங்கிய குடியேற்ற முகாம்களில் அம்மை குத்தப்பட்டு, மருத்துவரால் பார்க்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். கரையிறங்கியதும் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்காமிலோ இருந்த முகாம்களில் மறுபடியும் தனித்து வைக்கப்பட்டனர். தொற்றுநோய் உண்டா, உழைக்கும் வயதும் கட்டும் உண்டா என்பவையே அங்கே பார்க்கப்பட்டன. அந்த உடல் முதுமையில் எப்படி நடமாடும் என்ற கேள்வி எழவில்லை. உழைக்க இயலாதவரை ஊருக்கே திருப்பி அனுப்பும் வழி இருந்ததால், அதை எழுப்ப வேண்டிய தேவையும் நிர்வாகத்துக்கு இருக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் மலாயாவிலிருந்து அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டனர்.

தோட்டத்துக்குள் வந்த பிறகு நடந்த எளிய சோதனை குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதாக இருந்தது. மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கினால் மண்ணீரல் வீங்கும். ஆகவே விலாவின் கீழ் விரலை வைத்து, எத்தனை குழந்தைகளின் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது என்று கணக்கெடுத்தால், அந்தத் தோட்டத்தின் கொசுத் தொல்லையின் அளவு தெரிந்துவிடும். கிள்ளானில் 1901 முதல் மலேரியாவை எதிர்த்துப் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் இந்த அளவையைப் பெரிதும் நம்பினார். கருவி எதுவும் தேவைப்படாத சோதனை அது. ஆனால் அது சொன்ன செய்தி கடுமையானது. 1911இல் மலாக்காவை அடுத்திருந்த கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் அந்த ஓராண்டில் மட்டும் மாண்டனர்.

உயிரோடு இருந்தவர்களின் உடலை அன்றாடம் சோதித்தது வேலையேதான். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டுப் பெரட்டுக்கு, அதாவது ஆட்கணக்கு எடுக்கும் இடத்துக்கு வந்து, தண்டல் எனப்பட்ட மேற்பார்வையாளர் நிரை பிரித்துக் கொடுத்தபின் இருட்டிலேயே வெட்டுக்காட்டுக்கு நடந்தாக வேண்டும், ஏனெனில் மரத்தின் உள்ளழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருப்பதால் அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ஓர் ஆளின் வெட்டில் 400 மரங்கள் வரையிலும் அதற்கு மேலும் இருக்கும். இளமரத்தில் வெட்டுக்கோடு ஏறத்தாழ இடுப்பளவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாகப் பட்டையை இழந்து, சில ஆண்டுகளில் முழங்காலுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் வெட்டுபவர் ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்தோ குந்தியோ உளியைப் பிடித்து, பட்டையின் உட்புறத் தசை காயப்படாத அளவுக்குக் கையை அடக்கி இழுத்து, மங்கு எனப்படும் பால் கிண்ணத்தைச் சரிசெய்துவிட்டு எழுந்து அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். முதிர்ந்த மரங்களில் மேல்வெட்டு வந்தபோது ஏணியும் சேர்ந்துகொண்டது. வெட்டு முடிந்து பால் வடிந்ததும் அதே நிரையை மறுபடியும் சுற்றி, மங்கு மங்காகப் பாலை வழித்து வாளியில் ஊற்றி, காண்டா எனப்படும் தோள்கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, வழுக்கும் சரிவுகளில் சமன் தவறாமல் ஸ்டோருக்குச் சுமந்து வந்தனர். பெண்களும் இதே வேலையைச் செய்தனர். வெட்டுக்காட்டிலிருந்து திரும்பிய பின் அடுப்படியில் இன்னொரு முறை குந்தினர்.

லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்பின் வீடுகளில் நாற்காலிக்கு இடமும் இல்லை, வழக்கமும் இல்லை. சம்மணமிட்டுச் சாப்பிடுவதும், பாயில் படுத்துக் கையூன்றாமல் எழுவதும், சிறுமிகள் லயத்து வாசலில் கோடு கிழித்து ஒற்றைக்காலில் நொண்டிப் பாண்டி ஆடுவதும் அன்றாடம் நடந்தவை. காதைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும் தோப்புக்கரணம் கோயிலுக்குச் சென்ற ஒவ்வொருவரும் அறிந்த வழிபாடு. மலாக்கா நகரில் 1781இல் தெய்வநாயகம் செட்டி எழுப்பிய பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் தோட்டங்கள் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே மலாக்காச் செட்டிகளின் வழிபாட்டிடமாக விளங்கியது. பிள்ளையார் வழிபாட்டின் தொன்மையை நோக்க, குந்தி எழும் பயிற்சி மலாக்காத் தமிழரிடையே ரப்பரைவிடப் பழையது என்று கூறுவதில் பிழையில்லை.

இந்த அசைவுகளையே மருத்துவ ஆய்வு பின்னாளில் கையில் எடுத்தது. ரியோ டி ஜெனிரோவின் மருத்துவர் கிளாடியோ அராவ்ஜோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேர் தரையில் உட்கார்ந்து எழுமாறு கேட்கப்பட்டனர். உட்கார 5, எழ 5 என மொத்தம் 10 மதிப்பெண்; கை, முழங்கால் என ஒவ்வோர் ஊன்றுதலுக்கும் 1 மதிப்பெண், தள்ளாட்டத்துக்கு அரை மதிப்பெண் குறைக்கப்படும். சராசரியாக ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கண்காணித்ததில், 8 அல்லது அதற்கு மேல் பெற்றோரைவிட 3 அல்லது அதற்குக் கீழ் பெற்றோர் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மிகுதி எனத் தெரிந்தது. அதே குழுவினர் 2022இல் ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்க இயலாமையும் அத்தகைய அறிகுறியே எனக் காட்டினர். கைப்பிடியின் வலுவை 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் அளந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியாவும் மலேசியாவும் இடம்பெற்றன. பிடியில் 5 கிலோ குறையக் குறைய இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு கூடியது.

இந்த அளவுகோல்களை அப்படியே தோட்டத்துக்குப் பொருத்தினால் பால்வெட்டுத் தொழிலாளர் நூறாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அவர்கள் வாழவில்லை. குந்தவும் எழவும் பிடிக்கவும் சுமக்கவும் வல்ல உடல்கள் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் கொக்கிப்புழு தந்த சோகையிலும் அழிந்தன. 1942க்குப் பின் சப்பானியர் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தபோது உடல் வலுவே கேடாய் முடிந்தது: திடமானவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அசைவுச் சோதனை உடலின் இருப்பை மட்டுமே காட்டும். அந்த உடலைச் சூழ்ந்திருந்த நீரையும் கொசுவையும் கூலியையும் அது காட்டாது. தொற்றுநோய்கள் ஒடுங்கிய சமூகத்தில்தான் காலின் வலு ஆயுளின் அளவாக முடியும். குந்துவதை முழு நன்மையாகக் கொள்வதும் சரியன்று. நாள்தோறும் நெடுநேரம் குந்தி வாழ்ந்த பெய்ஜிங் முதியோரிடம் முழங்கால் மூட்டுத் தேய்மானம் மிகுந்திருந்ததை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. மேலும், நாற்காலியில் வளர்ந்தவர் தரையிலிருந்து கையூன்றாமல் எழுவதும் தரையிலேயே வளர்ந்தவர் எழுவதும் ஒரே பொருள் தருவன அல்ல. பின்னவரிடம் பழக்கமும் வலுவும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும்.

சாவுக் காரணங்கள் ஒடுங்கிய காலமும் அசைவுகள் மறைந்த காலமும் ஏறத்தாழ ஒன்றாய் அமைந்ததுதான் மலாக்காத் தமிழரின் வரலாற்றில் வருந்தத்தக்க செய்தி. மலேரியா ஒடுங்கி, பிள்ளைகள் பிழைத்து வளரத் தொடங்கிய தலைமுறையிலேயே தோட்டங்கள் துண்டாடலுக்கு உள்ளாயின. எஞ்சியவற்றில் ரப்பரை அகற்றிச் செம்பனை நடப்பட்டது. பின்னர் நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. 1970களில் பத்து பெரெண்டாமில் தடையற்ற வணிக வட்டாரம் எழுந்தபின், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஒரே இருக்கையில் மணிக்கணக்கில் அமரும் வேலைக்குச் சென்றனர். லயத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் மேசையும் நாற்காலியும் உட்காரும் கழிப்பறையும் வந்தன. சோற்றின் அளவும் தேநீரில் சீனியும் மட்டும் உழைத்த காலத்தில் இருந்தபடியே நீடித்தன. மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினரிடம் நீரிழிவு காணப்பட, இந்தியரிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடாக இருந்தது. நீரிழிவு பாத நரம்புகளையும் தசையையும் மெலிவிப்பதால், நடையும் சமனும் தளர்வதற்கு அது நேரடிக் காரணமாகிறது.

உழைப்பையும் ஆயுளையும் இணைத்துப் பார்த்த முன்னோடி ஆய்வு 1953இல் இலண்டனில் வெளிவந்தது. ஒரே பேருந்தில் அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநரையும் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநரையும் ஒப்பிட்ட ஜெரி மோரிஸ், நடத்துநரிடம் இதயநோய் குறைவு எனக் கண்டார். அதே ஒப்பீட்டுக்கான ஆட்கள் மலாக்காவின் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தனர்: அலுவலகத்தில் அமர்ந்து கணக்கெழுதிய கிராணியும் வெட்டுக்காட்டில் நடந்த தொழிலாளியும். ஆனால் கிராணிக்கு நல்ல வீடும் நல்ல உணவும் கிடைத்ததால், அந்த ஒப்பீடு உழைப்பைவிட வசதியையே அளந்திருக்கும். அதைவிடத் தெளிவான ஒப்பீடு இப்போதுதான் கிடைக்கிறது: ஒரே லயத்தில் பிறந்து, ஒரே உணவை உண்டு, ஒருவர் தோட்டம் மூடும்வரை பால்வெட்டியும் மற்றவர் பதினெட்டு வயதிலேயே தொழிற்சாலைக்குப் போயும் இன்று எழுபதைக் கடந்திருக்கும் அக்காள் தங்கைகள், புக்கிட் லிந்தாங், செர்க்காம், தெபோங் வட்டாரங்களின் குடியிருப்புகளில் இன்னும் வாழ்கின்றனர். அவர்களின் பிடியையும் நடையையும் அவர்கள் செய்த வேலையோடு சேர்த்துப் பதிவு செய்ய ஒரு நாற்காலியும் மூன்று மீட்டர் தரையும் ஒரு கைப்பிடிமானியும் போதும். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அளப்பதற்கு அந்தத் தலைமுறையில் போதிய ஆட்கள் இருக்கமாட்டார்கள்.