பழைய பாட்டுகளின் முடிவில் ஒரு புதுப்பாட்டு

1972இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், 'எக்செகியூட்டிவ் ரூம்' என்ற மதுக்கடையில், பில் மார்ட்டின் என்ற பெயரில் ஒரு இளைஞர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். குடிக்க வருகிறவர்கள் கேட்கும் பாட்டை வாசிக்க வேண்டும். அவர்கள் போடும் சில்லறையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. வில்லியம் மார்ட்டின் ஜோயல் என்ற தன் முழுப்பெயரில் கடைசிப் பகுதியை மறைத்துக்கொண்டுதான் அவர் அங்கே இருந்தார். சட்டத்தரணிகள் ஒரு ஒப்பந்தத்திலிருந்து அவரை விடுவிக்கும்வரை கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்று நியூயோர்க்கை விட்டு வந்திருந்தார்.

அந்த ஒப்பந்தத்தின் கீழ் 1971இல் அவருடைய முதல் இசைத்தட்டு 'கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்' வெளிவந்திருந்தது. தட்டுக்கு ஏற்றியபோது வேகத்தில் பிழை நடந்துவிட்டது. பாட்டுகள் ஓட வேண்டியதைவிட விரைவாக ஓடின, 22 வயது இளைஞரின் குரல் கீச்சுக்குரலாகக் கேட்டது. தன் பெயர் போட்ட முதல் இசைத்தட்டில் தன் குரலே இல்லை என்பது ஒரு பாடகனுக்கு எவ்வளவு பெரிய இடி!

பிற்காலத்தில் கோடிக்கணக்கில் விற்ற பில்லி ஜோயலின் வெற்றிப் பாடல் தொகுப்பு பிறந்த கதையை நான் இந்த மதுக்கடையில்தான் தொடங்குவேன். 1985இல் வந்த அந்த இரட்டை இசைத்தட்டின் முதற்பாட்டு 'பியானோ மேன்' அங்கேதான் முளைத்தது. கடைக்கு வந்து போன மனிதர்கள்தான் அந்தப் பாட்டின் ஆட்கள். கடந்த காலத்தை நினைத்து உருகும் ஒரு கிழவர், நடிகராகும் ஆசையோடு கிளாஸ் நிரப்பும் ஒருவர், காணி வீடு விற்றுக்கொண்டே நாவல் எழுதும் ஒருவர், கடற்படையை விட்டு வெளியே வரமுடியாத ஒருவர். திருகோணமலை போன்ற துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1957வரை பிரித்தானியக் கடற்படையும் பிறகு எங்கள் நாட்டுக் கடற்படையும் நிலைகொண்ட ஊர் இது. டொக்யாட் வீதிப் பக்கம் பின்னேரங்களில் இப்படியானவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பியானோதான் எங்களுக்குத் தூரம். மிஷன் பள்ளிக்கூட மண்டபத்திலும் தேவாலயத்திலும் அதைக் கண்டிருப்போம். தமிழ்ப் படங்களில் அது பணக்கார வீட்டுக் கூடத்தில் நிற்கும், கோட் போட்ட கதாநாயகன் அதன்முன் இருந்து காதல் தோல்வியைப் பாடுவான். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து, ஈரத்தில் மரம் ஊதி, சுருதி விலகிப்போன பியானோக்கள்தான் இந்தக் கரையில் அதிகம். எங்கள் ஊரின் மெல்லிசைக்குக் கிற்றார்தான் தாய். இலங்கைத் தமிழ் மெல்லிசையை இசைத்தட்டில் ஏற்றிய முன்னோடிகளாகப் போற்றப்படும் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் திருகோணமலைக்காரர்கள்தான். நித்தி கனகரத்தினத்தின் துள்ளிசையும் ஏ. ஈ. மனோகரனின் பைலாவும் கிற்றாரின் தாளத்திலேயே வந்து சேர்ந்தன. ஒரு ஆள் பியானோவின் முன் தனியாக இருந்து, இடக்கையால் தாளமும் வலக்கையால் இராகமுமாக முழுப் பாட்டையும் கட்டி எழுப்பும் கலை எங்களுக்கு வெளியில் இருந்துதான் வந்தது. திருகோணமலையில் எங்கள் அன்புவழிபுரத்துக்கு அது கசெட்டில் வந்தது.

வெற்றிப் பாடல்களைத் திரட்டி ஒரே தட்டில் விற்கும் வழக்கத்துக்கு வழிகாட்டியாக இசை வரலாற்றாசிரியர்கள் சொல்வது 1958இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஜொனி மாத்திஸின் தொகுப்பை. புதிய இசைத்தட்டு கைவசம் இல்லாத இடைவெளியை நிரப்ப ஏற்கெனவே ஓடிய பாட்டுகளைச் சேர்த்துப் போட்டார்கள். அந்தத் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 490 வாரங்கள் இருந்தது. அதன்பிறகு எந்த நிறுவனம் சும்மா இருக்கும்? 1974 நவம்பரில் இன்னொரு பியானோக்காரர் எல்ற்றன் ஜோன், 27 வயதிலேயே, தன் தொகுப்பை வெளியிட்டார். அமெரிக்காவில் பத்து வாரம் முதலிடத்தில் நின்ற அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் ஒரு மாதிரி, இங்கிலாந்தில் வேறு மாதிரி. 'பென்னி அண்ட் த ஜெட்ஸ்' பாட்டை டெட்ரோயிட் நகரத்துக் கறுப்பின மக்களின் வானொலி விடாமல் ஒலிபரப்பி அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது, ஆகவே அமெரிக்கத் தட்டில் அது இருந்தது. இங்கிலாந்தில் ஓடியது 'கேண்டில் இன் த விண்ட்'. அங்கே அந்த இடத்தை அது பிடித்தது. பாடகர் ஒருவர்தான், இசைத்தட்டு நிறுவனத்தார் சந்தையைப் பார்த்தார்கள், தெரிவு செய்தவர்கள் கேட்டவர்கள்.

ஜோயலின் கதையிலும் கேட்டவர்களே முதலில் வருகிறார்கள். 1972 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் வாசித்த நிகழ்ச்சியை டபிள்யூ.எம்.எம்.ஆர் வானொலி ஒலிபரப்பியது. அதில் பாடிய 'கேப்டன் ஜக்' அப்போது இசைத்தட்டில் இல்லை. நேயர்கள் தொலைபேசியில் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள், நிலையமும் தன்னிடமிருந்த ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டது. அந்த இரைச்சல்தான் கொலம்பியா நிறுவனத்தின் காதுக்கு எட்டி அவரை அங்கே கொண்டுபோனது. பழைய ஒப்பந்தக்காரர் அதன்பிறகும் பல வருடம் விற்பனையில் பங்கு வாங்கினார். ஜோயலின் இசைத்தட்டுகளில் ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகளின் படம் சின்னதாக அச்சிடப்பட்டிருக்கும். அது அந்தப் பழைய ஒப்பந்தக்காரரின் நிறுவனச் சின்னம்.

1973இல் 'பியானோ மேன்' வந்தது. ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு வானொலிக்கு நீளம் என்று வெட்டிக் குறைத்தார்கள். அடுத்த வருடமே 'த என்டர்டெய்னர்' பாட்டில் இந்த வெட்டலைப் பற்றி அவர் மனம் நொந்து பாடினார். 1976க்குப் பிறகு ஒரு முக்கியமான முடிவு. பீற்றில்ஸின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் அவருடைய அடுத்த இசைத்தட்டைச் செய்ய முன்வந்தார். ஆனால் ஜோயலின் சொந்தக் குழுவுக்குப் பதிலாகக் கூலிக்கு வாசிக்கும் கலைஞர்களைப் பயன்படுத்த விரும்பினார். ஜோயல் மறுத்துவிட்டார். தன்னோடு ஊர் ஊராக அலைந்த தோழர்களை விட்டுவிட்டுப் பெரிய பெயரிடம் போகவில்லை. அந்தக் குழுவை அப்படியே ஏற்றுக்கொண்ட பில் ரமோன் தயாரிப்பாளராக வந்து, 1977இல் 'த ஸ்ட்ரேஞ்சர்' பிறந்தது. 1985 தொகுப்பின் முதல் தட்டை நிரப்பிய பாட்டுகளில் பெரும்பங்கு அதிலிருந்து வந்தவை. அவருடைய நாணயத்துக்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை.

அதன்பிறகு வருடத்துக்கு வருடம் வெற்றி. '52ஆம் தெரு' என்ற அவருடைய இசைத்தட்டைத்தான் 1982 ஒக்டோபர் 1 அன்று ஜப்பானில் உலகின் முதலாவது விற்பனைக் குறுந்தட்டுகளில் ஒன்றாக சோனி வெளியிட்டது. அதே வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் கை உடைந்தது. பியானோக்காரனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? அதிலிருந்தும் எழும்பினார்.

1985 ஜூலையில் இரட்டைத் தொகுப்பு வந்தபோது அவருக்கு 36 வயது. அந்த மார்ச்சில்தான் கிறிஸ்டி பிரிங்க்லியைக் கலியாணம் முடித்திருந்தார், பிள்ளை வரப்போகிறது. புதிய இசைத்தட்டு எழுத அவகாசம் இல்லாத வருடம். தொகுப்புப் போட நிறுவனத்துக்கு இதைவிட நல்ல வேளை எது? பாட்டுகளைக் கால வரிசையில் அடுக்கினார்கள். சிலவற்றை வானொலிக்கு வெட்டிய குறுகிய வடிவத்திலேயே போட்டார்கள். அது எனக்கு இன்றும் மனவருத்தம். ஆனால் தனிப்பாட்டாக ஒருபோதும் வெளிவராத, ஏழரை நிமிடம் ஓடும் 'இத்தாலிய உணவகக் காட்சிகள்' பாட்டை முழுதாக உள்ளே விட்டார்கள். கச்சேரிகளில் சனம் அதைக் கேட்டுக் கேட்டு வெற்றிப் பாட்டாக்கி வைத்திருந்தது.

தொகுப்பின் இரண்டாம் தட்டில் 'குட்நைட் சைகோன்' இருக்கிறது. 1982இல் வியட்நாம் போர் வீரர்களை நினைத்து எழுதியது. இரவுப் பூச்சிகளின் சத்தத்தோடு தொடங்கும், பிறகு தூரத்தில் ஹெலிகொப்டர் ஒன்றின் இறக்கை காற்றை வெட்டும் ஓசை மெல்ல மெல்லக் கிட்ட வரும், அதற்குப் பிறகுதான் பியானோ. இந்தத் தொகுப்பு அமெரிக்கக் கடைகளுக்கு வந்த அதே ஜூலையில் எங்கள் நாட்டுப் போரைப் பற்றித் திம்புவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. அது திருகோணமலை மாவட்டத்தில் தமிழ்க் கிராமங்கள் எரிந்து சனம் இடம்பெயர்ந்த வருடம். மத்திய கிழக்குக்குப் போய் வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த கசெட்டில் இந்தப் பாட்டை அன்புவழிபுரத்து வீட்டில் நாங்கள் போட்டபோது, அந்த இறக்கைச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பை விட்டு முற்றத்துக்கு ஓடி வானத்தைப் பார்த்தார். ரேப் ரெக்கோடரை நிப்பாட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. எந்த விமர்சகரும் அந்தப் பாட்டுக்கு அதைவிட உண்மையான விமர்சனம் எழுதியதில்லை.

தொகுப்பின் கடைசியில் இரண்டு பாட்டுகள் புதியவை. 'யூ ஆர் ஒன்லி ஹியூமன்' அவற்றில் ஒன்று. இப்படியான தொகுப்பில் புதுப்பாட்டு வைப்பது பெரும்பாலும் வியாபாரத் தந்திரம். பழைய இசைத்தட்டுகள் எல்லாம் வீட்டில் வைத்திருக்கிறவரும் வாங்க வேண்டுமே! இந்தப் பாட்டு அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அது இளம் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்வதைத் தடுக்க எழுதப்பட்ட பாட்டு.

அதன் விதை 1970இல் இருக்கிறது. 21 வயது ஜோயல் வாழ்வை முடித்துக்கொள்ள முயன்று, பிழைத்து, மருத்துவமனையில் சில வாரம் இருந்தார். அங்கே தன்னைவிட எத்தனையோ மடங்கு துன்பப்படுகிறவர்களைப் பார்த்ததும், வெளியே வந்து அந்த உணர்ச்சிகளைப் பாட்டில் கொட்டத் தொடங்கியதும் அவரே வெளிப்படையாகச் சொன்ன செய்திகள். பதினைந்து வருடம் கழித்து, வெற்றியின் உச்சியில், வாழ்நாள் வேலையைத் திரட்டி ஒரு பெட்டியில் போடும் நேரத்தில் அந்த நாட்களை மறக்காமல் எடுத்துப் பாடினார். இந்தத் தொகுப்பின் பாட்டுகள் எல்லாம் அந்த நாளுக்குப் பிறகு பிறந்தவை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? 1970இல் அவர் போயிருந்தால் மதுக்கடை இல்லை, 'பியானோ மேன்' இல்லை, தொகுப்பதற்கு ஒன்றுமே இல்லை.

முதலில் எழுதிய வடிவம் துயரமாக வந்துவிட்டது. மனம் உடைந்திருக்கிற பிள்ளையை அது இன்னும் கீழே தள்ளிவிடும் என்று நினைத்து, துள்ளும் தாளத்துக்கு மாற்றினார். பிழை விடுவது மனித இயல்பு, கொஞ்சம் பொறு, மூச்சு திரும்பி வரும் என்பதுதான் பாட்டின் பொருள். ஒலிப்பதிவில் ஓரிடத்தில் அவருக்கே சொற்கள் குழம்பி, நாக்குத் தடுமாறி, சிரிப்பு வந்துவிட்டது. வெட்டிவிட்டு மறுபடி பாடியிருக்கலாம். கூடத்தில் நின்றவர்கள் அப்படியே விடச் சொன்னார்கள், அவரும் விட்டுவிட்டார். இன்றும் அந்தப் பாட்டைக் கவனித்துக் கேட்டால் அந்தத் தடுமாற்றமும் சிரிப்பும் கேட்கும். ஓட்டத்தின் வேகத்தைக்கூடப் பிழையாகப் பதித்த முதல் இசைத்தட்டால் நொந்த மனிதர், தன் பிழையை விரும்பி இசைத்தட்டில் வைத்தது இங்கேதான். அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாம் இடம்வரை போன அந்தப் பாட்டின் வருமானத்தை இளைஞர் தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கே கொடுத்தார்.

தொகுப்பு அமெரிக்காவில் 23 மடங்கு பிளாட்டினம் சான்று பெற்றது. இரட்டைத் தட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுவது அங்கத்தைய வழக்கம், ஆகவே விற்ற தொகுப்புகள் சுமார் ஒரு கோடியே 15 இலட்சம். 1993க்குப் பிறகு ஜோயல் புதிதாகப் பொப் இசைத்தட்டு எழுதுவதை நிறுத்தினார். 1997இல் 1985 தொகுப்பின் அடுத்த பாகம் வந்தது. 2014இலிருந்து மாதாமாதம் நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில் வாசித்து, 2024 ஜூலையில் அதே அரங்கில் தன் 150ஆவது கச்சேரியோடு அந்த வரிசையை முடித்தார். அரங்கம் நிறைந்த சனம் கேட்டது பெரும்பாலும் 1985 தொகுப்பின் பாட்டுகளைத்தான்.

'யூ ஆர் ஒன்லி ஹியூமன்' பாட்டை எங்கள் பக்கத்தில் கேட்பதற்கு வேறொரு கனம் உண்டு. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவுக்கு ஏறி, உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தபிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு கண நேர முடிவுக்கும் கைக்கு எட்டும் பொருளுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் பல உயிர்கள் மிஞ்சும் என்பதற்கு ஆய்வாளர்கள் உலகெங்கும் எங்கள் நாட்டையே எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த இடைவெளியைத்தான் 1985இல் ஜோயல் பாட்டில் கேட்டார்: கொஞ்சம் பொறு. போரும் கடற்கோளும் கடந்த எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. மனம் தாங்காத நேரத்தில் இப்போது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். இரவும் பகலும் ஆட்கள் இருக்கிறார்கள், தமிழிலேயே கதைக்கலாம்.